மண்ணுக்கு அடியில் இருப்பது யாருக்கு?

(பதுளையில் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வல்லரசுகளின் கனியவளப் போட்டியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது, நமது அங்கத்தவர்கள் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கொழுந்து பறிக்கிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நமக்கு வேலை நாள் பிரச்சினை இருக்கிறது, கிலோ பிரச்சினை இருக்கிறது, லயத்துக் கூரை ஒழுகுகிறது. அதைப் பேசுங்கள்" என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இந்த உரையின் நோக்கம்.

சுருக்கமான பதில் இதுதான். ஒரு நாட்டின் மண்ணில் விளைவதற்காகவும் மண்ணுக்கு அடியில் கிடைப்பதற்காகவும் பெரிய நாடுகள் போட்டி போடும்போது, அந்தப் பொருளின் விலை ஏறுகிறது. ஏறிய விலை யார் கைக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: காணி யாருடையது, அனுமதிப்பத்திரம் யாருடையது, வாக்கு யாருடையது. இந்த மூன்றும் இல்லாதவர் வேலையை மட்டும் செய்வார். நமது மக்கள் இந்த நாட்டில் வெகுகாலம் அந்த நிலையில்தான் இருந்தார்கள். இதற்கு உதாரணம் தேடி ஆபிரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. நமது நாட்டிலேயே இருக்கிறது.

காரீயத்தின் கதை

முதலில் காரீயத்தை எடுத்துக்கொள்வோம். பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புப் பொருள்தான் அது. கேகாலை, குருநாகல் பக்கங்களில் பாறைக்குள் நரம்பு போல ஓடுகிறது. உலகத்தில் வேறு நாடுகளிலும் காரீயம் உண்டு. ஆனால் இலங்கையில் கிடைப்பது போன்ற மிகத் தூய்மையான, கட்டியான நரம்புக் காரீயம் வேறெங்கும் வணிக அளவில் எடுக்கப்படுவதில்லை.

முதலாம் உலக யுத்தம் வந்தது. ஆயுதத் தொழிலுக்கு உருக்கு வேண்டும். உருக்கைக் காய்ச்சும் மூசைகள் செய்யக் காரீயம் வேண்டும். யுத்தம் செய்த நாடுகள் எல்லாம் இலங்கைக் காரீயத்தைத் தேடின. 1916 இல் ஏற்றுமதி சுமார் 33 ஆயிரம் தொன்னைத் தொட்டது. யுத்தம் முடிந்ததும் தேவை விழுந்தது. மடகஸ்காரில் மலிவான காரீயம் கிடைத்தது. இங்கே குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. குழிக்குள் இறங்கியவர்கள் வெறுங்கையுடன் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் விலை ஏறிய காலத்தில் சம்பாதித்த சுரங்க முதலாளிகளின் செல்வம் அப்படியே நின்றது. அது காணியாக மாறியது, பிள்ளைகளின் படிப்பாக மாறியது, பிறகு அரசியல் அதிகாரமாகவும் மாறியது.

சுதந்திர இலங்கையின் முதலாவது பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் தந்தை டொன் ஸ்பேட்டர் சேனாநாயக்க, காரீயத் தொழிலில் செல்வம் சேர்த்தவர். அந்தப் பிரதமரின் ஆட்சியில்தான் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய வருடம், 1947 தேர்தலில், இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. அவற்றில் ஒன்று நமது பதுளை. சட்டம் வந்தது. சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனோம். வாக்கும் போனது. காரீயத்தால்தான் அந்தச் சட்டம் வந்தது என்று நாம் சொல்லவில்லை. மண்ணின் செல்வம் எப்படி அதிகாரமாக மாறுகிறது, அந்த அதிகாரம் யார் மேல் பாய்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

இறப்பரும் அரிசியும்

இரண்டாவது, இறப்பர். இது கனியம் அல்ல, மரத்துப் பால். ஆனால் யுத்த காலத்தில் இரும்பைப் போல, எண்ணெய்யைப் போல, இறப்பரையும் வல்லரசுகள் எண்ணிக் கணக்கிட்டன. டயர் இல்லாமல் லொறியும் ஓடாது, விமானமும் இறங்காது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானின் கையில் விழுந்தது. மலாயாவின் இறப்பர் போனது. பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் மிஞ்சிய பெரிய இறப்பர் நாடு இலங்கைதான். மரம் செத்தாலும் பரவாயில்லை, பாலை எடு என்று கட்டளை வந்தது. மரத்தைக் கொல்லும்படி பால் வெட்டுவதற்கு அன்றைக்கு ஒரு திட்டமே இருந்தது. வெட்டியவர்கள் யார்? சப்ரகமுவையிலும் களுத்துறையிலும் மொணராகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களிலும் இருந்த தொழிலாளர்கள். அவர்களில் பெருந்தொகையானோர் நமது மக்கள்.

பத்து வருடம் கழித்துக் கொரிய யுத்தம். 1951 இல் ஐக்கிய நாடுகள் சபை, சீனாவுக்கு யுத்தத் தேவைப் பொருட்களை விற்கக் கூடாதென்று தடை போட்டது. அந்தப் பட்டியலில் இறப்பரும் இருந்தது. இலங்கை அப்போது ஐ.நா. அங்கத்துவ நாடு அல்ல. 1955 இல்தான் சேர்ந்தது. இங்கே அரிசிப் பஞ்சம். உலகச் சந்தையில் அரிசி விலை ஏற்றம், இறப்பர் விலை இறக்கம். சீனாவிடம் அரிசி இருந்தது, இறப்பர் இல்லை. 1952 டிசம்பர் 18 இல் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து வருடத்துக்கு, வருடம் 50 ஆயிரம் தொன் இறப்பர் போகும், 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடிய விலை. அப்போது பிரதமர் டட்லி சேனாநாயக்க. பேரத்தை முன்னின்று நடத்தியவர் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க. அமெரிக்கா கோபித்தது. உதவியை நிறுத்தியது. இறப்பர் மரத்தின் நோய்க்குத் தூவும் கந்தகத்தைக்கூட விற்க மறுத்தது.

சிறிய நாடு ஒன்று, இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நின்று, தன் மக்களின் சோற்றுக்காகப் பேரம் பேசியது. அதை நாமும் பாராட்டுகிறோம். ஆனால் தொழிற்சங்கம் என்ற முறையில் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. கூடிய விலை யாருக்குப் போனது? இறப்பர்ச் சொந்தக்காரருக்குப் போனது, ஏற்றுமதிக் கம்பனிக்குப் போனது, அரசின் திறைசேரிக்குப் போனது. 1953 இல் இறப்பர் மறுநடுகைக்கு மானியம் தொடங்கியது. அதாவது மரத்துக்கு மானியம் கிடைத்தது. பால் வெட்டியவருக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. அதே 1952 மே மாதத்தில் நடந்த பொதுத்தேர்தலில் அவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவரைப் பேரத்தின் நடுவில் யார் நினைப்பார்கள்? அதுமட்டுமல்ல, ஒப்பந்தம் வந்த அடுத்த வருடமே பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் அதனால்தான் வெடித்தது.

பிறகு 1964 இல் இன்னொரு பேரம். இந்த முறை பேசப்பட்ட பொருள் இறப்பர் அல்ல, நாமே. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மேசையில் நமது பிரதிநிதி ஒருவரும் உட்காரவில்லை. பெரியவர்கள் பேசும் மேசையில் நமக்கு இடமில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம்மைவிட அனுபவத்தில் அறிந்தவர்கள் குறைவு.

நமது ஊவாவில் நடந்தது

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். பண்டாரவளைப் பக்கத்துத் தோழர்களுக்கு உமா ஓயாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதிலும் வல்லரசுப் போட்டி இருந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

2008 இல் ஈரானுடன் ஒப்பந்தம். மலைக்கு அடியில் சுரங்கம் குடைந்து, தண்ணீரைத் திருப்பி, 120 மெகாவொற் மின்சாரம் எடுத்துத் தெற்கே வயல்களுக்கு விடுவது திட்டம். செலவின் பெரும் பகுதியை ஈரான் கடனாகத் தருவதாக இருந்தது. அமெரிக்கா ஈரான்மேல் பொருளாதாரத் தடையை இறுக்கியதும் பணம் வரும் வழி அடைபட்டது. மிச்சச் செலவை இலங்கையே போட வேண்டியதாயிற்று. 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைச் சுற்று வட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, ஊற்றுகள் நின்றன. 2017 இல் ஊரே தெருவில் இறங்கியது. 2024 ஏப்ரல் 24 இல் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி நேரில் வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார்.

மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், வயலுக்குத் தண்ணீரும் வேண்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. மலையின் வயிற்றைக் குடையுமுன் மலைமேல் இருப்பவரிடம் கேட்டார்களா என்பதுதான் நமது கேள்வி. தூரத்து நாடுகள் இரண்டின் பகையால் வேலை இழுபட்டது. நமது பக்கத்துக் கிணறு வற்றியது.

ஈரானுடன் இன்னொரு கணக்கும் உண்டு. வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை சுமார் 25 கோடி டொலர் கடன்பட்டிருந்தது. தடை காரணமாக டொலரில் கட்ட முடியவில்லை. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கட்டுவதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு ஆனது. நாட்டின் எண்ணெய்க் கடனை அடைக்கப் போனது நமது கொழுந்து. வல்லரசுப் போட்டி கொழுந்துக் கூடைக்குள்ளேயே இருக்கிறது, தோழர்களே.

இன்றைய போட்டி

இன்றைக்குப் போட்டி எதற்காக? மின்சாரக் கார், கைத்தொலைபேசி, காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றுக்கும் சில கனியங்கள் வேண்டும். லித்தியம், கோபோல்ட், காரீயம், தைத்தேனியம், அருமண் உலோகங்கள். மின்கல உற்பத்திக்கான காரீயத்தைச் சுத்திகரிக்கும் வேலையில் மிகப் பெரும் பங்கு சீனாவின் கையில். 2023 டிசம்பரிலிருந்து சீனா தன் காரீய ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உடனே மற்ற நாடுகள் வேறு இடம் தேடத் தொடங்கின. நூறு வருடத்துக்கு முன் தேடிய அதே நரம்புக் காரீயம் மறுபடியும் பேச்சில் வருகிறது.

கிழக்கே புல்மோட்டையில் இல்மனைட், உருட்டைல், சேர்க்கோன் கலந்த கனிய மணல் இருக்கிறது. 1957 இல் அதற்கென்று அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இத்தனை வருடமாகப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றினோம். அதிலிருந்து வெள்ளை நிறமியும் உலோகமும் செய்து இலாபம் எடுத்தது வேறு நாடுகள். மன்னார்த் தீவின் மணலில் அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று கண் வைத்திருக்கிறது. தீவு தண்ணீருக்குள் போய்விடும் என்று மன்னார் மக்கள் தெருவில் நின்று போராடுகிறார்கள்.

கடலுக்கு அடியிலும் இதே கதைதான். இந்து சமுத்திரத்தின் நடுவில், அபனாசி நிக்கித்தின் என்ற ரஷ்ய வணிகரின் பெயரால் அழைக்கப்படும் ஒரு கடலடி மலை இருக்கிறது. அங்கே கோபோல்ட் படிந்திருக்கிறது. அந்தக் கடற்பரப்பைத் தன் கண்டமேடையின் பகுதியாக ஏற்குமாறு இலங்கை 2009 இலேயே ஐ.நா. ஆணைக்குழுவிடம் விண்ணப்பித்தது. 2024 ஜனவரியில் இந்தியா, அங்கே ஆய்வு செய்ய அனுமதி கேட்டு ஜமெய்க்காவிலுள்ள சர்வதேச கடற்படுக்கை அதிகாரசபையிடம் விண்ணப்பம் போட்டது. இன்னொரு பக்கம் சீனாவின் ஆய்வுக் கப்பல்கள் நமது துறைமுகங்களுக்கு வந்தன. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது எழுந்த சண்டை நினைவிருக்கும். கடைசியில் 2024 ஆம் வருடம் முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவும் வேண்டாமென்று இலங்கை நிறுத்தி வைத்தது.

நாம் யார் பக்கம்?

இந்த இடத்தில் சிலர் நம்மிடம் கேட்பார்கள்: நீங்கள் இந்தியாவின் பக்கமா, சீனாவின் பக்கமா, அமெரிக்காவின் பக்கமா? நமது மக்களுக்கு இந்தியா பூர்வீகம். மலையகத்துக்கு 14 ஆயிரம் வீடுகள் தருவதாக இந்தியா சொல்லிக் கட்டியும் வருகிறது. அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் வீடு தந்தவர் என்பதற்காகக் கடலையோ மலையையோ கேட்கும்போது வாய்மூடி இருக்க முடியாது. அரிசி தந்தவர் என்பதற்காகச் சீனாவிடமும் அப்படித்தான். எந்த நாட்டுக் கம்பனி வந்தாலும் நமது கேள்வி ஒன்றே: அங்கே வேலை செய்பவருக்கும் அங்கே குடியிருப்பவருக்கும் என்ன கிடைக்கும், என்ன இழப்பு?

அப்படிக் கேட்டு வென்றவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். எப்பாவலையில் பொஸ்பேற் படிவு உண்டு. 1990 களில் அதை அமெரிக்கக் கம்பனியான பிறீபோர்ட் மெக்மொரான் சம்பந்தப்பட்ட முதலீட்டுக்குக் கொடுக்க அரசு தயாரானது. ஆயிரக்கணக்கான மக்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும், பழைய குளங்கள் அழியும் என்ற நிலை. அந்த ஊர்க்காரர் ஏழு பேர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முறையான சூழல் தாக்க மதிப்பீடு இல்லாமல் அந்த ஒப்பந்தத்தைச் செய்ய முடியாதென்றது. பொஸ்பேற் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, ஊரும் இருக்கிறது.

அவர்கள் வெல்ல ஒரு காரணம், ஒற்றுமை. இன்னொரு காரணம், அவர்களில் பலருக்குக் காணியும் வயலும் இருந்தது. "இது என் நிலம்" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடிந்தது. நம்மால் அப்படிச் சொல்ல முடியுமா?

நமது நிலையைப் பாருங்கள். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப் பொருட்கள் சட்டத்தின்படி, மேலே காணி யாருடையதாக இருந்தாலும், அடியில் உள்ள கனியம் குடியரசுக்குச் சொந்தம். அதே 1992 இல்தான் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. குத்தகை 53 வருடம், 2045 வரை. ஆக, மேலே தேயிலை கம்பனியிடம், கீழே கனியம் அரசிடம், நடுவில் லயம். அந்த லயத்துக்கு நமது பெயரில் உறுதி இல்லை. நாளைக்கு ஒரு மலைச்சரிவில் கல் குவாரிக்கோ சுரங்கத்துக்கோ அனுமதி கொடுத்தால், நட்டஈடு பேசும் மேசையில் அரசும் கம்பனியும்தான் உட்காரும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். மலையைத் தொட்டால் முதலில் புதைவது எந்த வீடு என்று நமக்குத் தெரியும்.

ஒக்கம்பிட்டியப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டும் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கல் கிடைத்தால் காணிக்காரர், முதல் போட்டவர், குழிக்குள் இறங்கியவர் என்று பங்கு பிரிப்பது வழக்கம். குழிக்குள் இறங்கியவருக்குக் கூலி மட்டுமல்ல, பங்கும் உண்டு. தோட்டத்தில் நமக்கு அப்படி விளைச்சலில் பங்கு பிரிக்கும் வழக்கம் வரவில்லை. 2024 இல் 1,350 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வர்த்தமானி வரவே எத்தனை போராட்டம்!

செய்ய வேண்டியவை

ஆகவே தோட்டக் கமிட்டிகள் செய்யக்கூடிய நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, காணி. வீட்டுக்கும் வீட்டைச் சுற்றிய நிலத்துக்கும் சட்டபூர்வமான உறுதி வேண்டுமென்பது சம்பளக் கோரிக்கைக்கு அடுத்ததாக வைக்கும் கோரிக்கை அல்ல. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். வீடு கட்டிக் கொடுக்கப்பட்ட இடங்களில் உறுதி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு கமிட்டியும் டிவிசன் வாரியாகப் பட்டியல் எடுத்துத் தர வேண்டும்.

இரண்டாவது, தகவல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரஜைக்கும் பொருந்தும். உங்கள் தோட்டத்து எல்லைக்குள் குவாரி, சுரங்கம், ஆய்வுத் துளை எதற்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகத்திடமும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்திடமும் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். படித்த பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களை இந்த வேலைக்கு அழையுங்கள்.

மூன்றாவது, பிரதேச சபை. தோட்டத்துக்குள் சபை நேரடியாகச் சேவை செய்ய 2018 திருத்தச் சட்டம் வழி திறந்தது. நமது வாக்கில் போன உறுப்பினர்கள் வீதி விளக்கை மட்டும் பேசினால் போதாது. குவாரி, தண்ணீர் ஊற்று, மண்சரிவு அபாயம் ஆகியவற்றையும் சபையில் எழுப்ப வேண்டும். பெரிய திட்டங்களின் சூழல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கப்படும். அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வர வேண்டும். அந்த நாட்களைத் தவறவிடக் கூடாது.

நான்காவது, தொடர்பு. புல்மோட்டையில் மணல் அள்ளும் தொழிலாளி, கேகாலையில் காரீயச் சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளி, மன்னாரில் வலை வீசும் மீனவர், உமா ஓயாவால் கிணறு இழந்த சிங்கள விவசாயி எல்லாரும் நமது வர்க்கம்தான். எப்பாவலைத் தீர்ப்பை வாங்கித் தந்தவர்கள் சிங்களக் கிராமத்து மக்கள். அந்தத் தீர்ப்பு நமக்கும் பயன்படும். அவர்களைக் கூப்பிட்டுப் பேசவைப்போம், அவர்கள் கூப்பிட்டால் நாமும் போவோம்.

பெரிய நாடுகள் போட்டி போடுவதை நம்மால் நிறுத்த முடியாது. அவர்கள் போட்டி போடும் காலத்தில்தான் சிறிய நாட்டின் பொருளுக்கு விலை கூடுகிறது என்பதும் உண்மை. 1916 இலும் 1952 இலும் அந்த விலை ஏறியபோது பங்கு கேட்க நமது மக்களிடம் காணியும் இல்லை, வாக்கும் இல்லை. இன்றைக்கு வாக்கு இருக்கிறது, சங்கம் இருக்கிறது. இல்லாதது காணி. அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் தன் டிவிசனின் காணிப் பட்டியலைக் கையில் கொண்டுவரும்படி கேட்டு இந்த உரையை முடிக்கிறோம்.